பென்சில் படாத படம்

என் அப்பா தேவசகாயம் செத்த அன்று சிதம்பரம் தெற்கு வீதியின் பாதிக் கடைக்காரர்கள் வாசலில் வந்து நின்றார்கள். எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். தங்கமான கை, அந்தக் கை பட்டால் கறுப்பும் சிவப்பாகும் என்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால், பிணத்தை வைத்துக்கொண்டு சண்டைக்கு நிற்கிறாள் என்று பேர் வந்திருக்கும். ஏற்கெனவே எனக்கு வந்த பேரே போதும். அன்று விழுங்கியதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

அப்பா போட்டோ ஸ்டுடியோவில் டச்சிங் வேலை பார்த்தவர். கடை, பரங்கிப்பேட்டைக்காரரான கிபாயத்துல்லா பாயுடையது. படம் பிடிப்பது பாய். பிடித்த படத்தை மனிதர்கள் விரும்புகிற மாதிரி ஆக்குவது அப்பா. ஜன்னல் ஓரம் சாய்வாக ஒரு மேசை, அதன் நடுவில் கண்ணாடி. அதன்மேல் நெகட்டிவை வைத்து, ஊசி மாதிரி சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே போவார். நெகட்டிவில் பென்சில் பட்ட இடம் படத்தில் வெளுத்துவிடும். மரு போகும், அம்மைத் தழும்பு போகும், கண்ணுக்குக் கீழே இருக்கிற கருவளையம் போகும். மூன்று பிள்ளை பெற்றவள் பத்தொன்பது வயதுக்குத் திரும்புவாள்.

அவர் முதலில் ஏமாற்றியது என் அம்மாவைத்தான். அப்பா முகம் முழுக்க அம்மைத் தழும்பு. பெண் பார்க்கும்போது அண்ணாகிராமத்துக்கு அனுப்பிய படத்தில் ஒரு தழும்பு கிடையாது. அம்மா ரத்தினம்மாள் இதை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சொல்லிச் சிரிப்பாள். "கோயில்ல வந்து நின்ன ஆளப் பாத்து மாப்ள தோழன்னு நெனச்சிட்டேன். படத்துல இருந்தவரு எங்க, எப்ப வருவாருன்னு வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன்." அப்பாவும் சேர்ந்து சிரிப்பார். நாங்களும் சிரிப்போம். எங்கள் வீட்டில் பொய் அவ்வளவு செல்லமாக வளர்ந்தது.

கீரப்பாளையத்திலிருந்து ஒரு மாமியார்க்காரி கையில் படத்தோடு வந்து கடை வாசலில் கத்தியிருக்கிறாள். "எம் மருமவ கன்னத்துல இருக்கற மருவ இதுல எங்கய்யா கொண்டுபோயி வச்ச?" அப்பா தலையைக்கூட நிமிர்த்தவில்லையாம். "கல்யாணம் முடிஞ்சிடுச்சில்ல, அப்புறம் என்னா?" என்றாராம். அதைப் பெருமையாக எங்களிடம் சொன்னார்.

1962 வாக்கில் கடலூரிலிருந்து புது வேலை ஒன்று வந்தது. திருப்பாப்புலியூரில் தில்லைநாதன் என்று ஒரு தோல் டாக்டர் இருந்தார். நல்ல டாக்டர். ஆனால் அவர் வீட்டுப் படி ஏற ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. அந்தப் படியில் கால் வைத்தவனைப் பார்த்தாலே ஊர் 'பெரிய வியாதி' என்று முடிவு கட்டிவிடும். குஷ்டம் என்று வாயால் சொல்லவும் மாட்டார்கள், சும்மாவும் விடமாட்டார்கள். தேமலுக்குப் போனவனுக்கும் பெண் கொடுக்க மறுத்தார்கள். சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு ஒன்றரை மணி நேர பஸ்தான், இருந்தும் ஆட்கள் தோலை மூடிக்கொண்டு வீட்டிலேயே கிடந்தார்கள். அதனால் டாக்டர் தபாலில் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டார். கோளாறு இருக்கிற இடத்தை மட்டும் படம் பிடித்து அனுப்ப வேண்டும். பேர் வேண்டாம், நம்பர் போதும். கூடவே ஒரு கேள்வித்தாள். எத்தனை நாளாக இருக்கிறது, அரிக்கிறதா, கண்ணை மூடச் சொல்லி ஊசியால் தொட்டால் தெரிகிறதா. அதைப் பூர்த்தி செய்து அனுப்பினால் பதில் வரும்.

பாய்க்கு டாக்டர் எழுதிய கடிதம் டச்சிங் மேசைக்கு நேர் மேலே சுவரில் ஒட்டியிருந்தது. "தோல் படத்தில் பென்சில் படவே கூடாது. படம் பொய் சொன்னால் நானும் பொய் சொன்னவன் ஆவேன்." அப்பா தினமும் அதற்குக் கீழேதான் உட்கார்ந்து வேலை செய்தார். படிக்கத் தெரியாதவர் இல்லை.

அந்தப் படங்களில் அவர் பென்சில் வைத்ததே இல்லை. ரொம்ப யோக்கியம். அவர்கள் எழுந்து போனதும் உட்கார்ந்த நாற்காலியைப் பினாயில் ஊற்றிக் கழுவுவார். கேள்வித்தாளையும் அவரே கேட்டு எழுதுவார். ராத்திரி சோறு தின்னும்போது யார் எப்படி முழங்கையை மறைத்துக்கொண்டு வந்தார்கள் என்று நடித்துக் காட்டுவார்.

கீரப்பாளையம் இருசம்மாள் கதையை அப்படித்தான் கேட்டேன். நடவு வேலைக்குப் போகிறவள். முதுகில் ஒரு படை. அப்பா படம் அனுப்பினார், பதில் வந்தது, அந்த வியாதிதான், ஆரம்ப நிலை, மாத்திரை உண்டு, உடனே வரவும் என்று. அந்தக் கடிதம் புருஷன் கையில் சிக்கிவிட்டது. அவள் படுத்த பாயைத் தெருவில் போட்டுக் கொளுத்தினான். அவள் ஸ்டுடியோ படியில் வந்து பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தாளாம். எங்கே போவது என்று தெரியாமல்தான். அப்பா சாம்பாரை ஊற்றிக்கொண்டே சொன்னார், "படம் எவ்ளோ நல்லா வந்துச்சு தெரியுமா, ஓரம் கோடு போட்ட மாதிரி தெரிஞ்சிது." நானும் கேட்டுக்கொண்டே சாப்பிட்டேன். அதற்காக என்னை யாராவது செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்வேன்.

1964இல் எனக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை தங்கராசு, கடலூர் செம்மண்டலம், துறைமுகத்துப் பக்கம் ஒரு கிடங்கில் கணக்கர் வேலை. எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று. இரண்டு ஓலை வாசித்தாயிற்று. மூன்றாவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது மாமியார் ஆகப்போகிற முத்தம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். வந்தவள் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

"தைலம்மா, இடது கையக் காட்டு" என்றாள்.

காட்டினேன். முழங்கைக்குக் கீழே நாலணா அளவுக்குச் செம்பு நிறத்தில் ஒரு படை. ஆறு மாதமாக இருந்தது. அரிப்பு இல்லை, வலி இல்லை, அதனால் நான் அதை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. தண்ணீர்க் குழாயில் எவளோ பார்த்துக் கடலூர்வரை கொண்டுபோயிருக்கிறாள்.

"அந்த டாக்டருகிட்டேருந்து லெட்டர் வரட்டும். ஒண்ணுமில்லன்னு எழுதியிருந்தா மூணாவது ஓல. இல்லன்னா மன்னிச்சிக்கங்க சம்பந்தி" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு எழுந்தாள்.

"நேரா கூட்டிட்டுப் போயி காமிச்சிடலாமே" என்றாள் அம்மா.

"அந்தப் படியில ஏறிட்டா லெட்டர்ல என்னா எழுதியிருந்தாலும் ஒண்ணுதான்" என்றார் அப்பா. முத்தம்மாளும் அதற்குத் தலையை ஆட்டினாள்.

திங்கட்கிழமை மத்தியானம் என்னை ஸ்டுடியோவுக்கு அழைத்துக்கொண்டு போனார். பாய் படம் பிடித்துக் கொடுத்துவிட்டுத் தொழுகைக்குப் போய்விட்டார். அப்பா கேள்வித்தாளை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு ஊசியை எடுத்தார்.

"கண்ண மூடிக்க பாப்பா. நான் தொட்டதும் சொல்லு."

மூடிக்கொண்டேன். தெருவில் ஜட்கா வண்டி போகிற சத்தம் கேட்டது. அது தேரடி திரும்பிப் போகும்வரை உட்கார்ந்திருந்தேன்.

"எப்பப்பா தொடுவ?" என்றேன்.

அவர் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது.

"அப்பா?"

"இதோ, தொடப் போறேன்" என்றார். உடனே முழங்கைக்கு மேலே சுரீர் என்று குத்தியது.

"குத்திட்ட" என்றேன்.

"அவ்ளோதான். வலிக்குதுன்னு எழுதிக்கறேன்."

கண்ணைத் திறந்து பார்த்தேன். குத்தியது மேலே. ஆனால் கீழே, படைக்கு உள்ளேயும் மூன்று ரத்தப் புள்ளி இருந்தது. அது என்னப்பா என்றேன். லேசாகப் பட்டிருக்கும் என்று துணியால் துடைத்துவிட்டார். எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். இரண்டு வருஷமாக அந்தக் கேள்வித்தாளைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவள் நான். ஆனால் எனக்கும் கல்யாணம் வேண்டியிருந்தது. தங்கராசை எனக்குப் பிடித்திருந்தது. துடைத்த கையோடு நானும் துடைத்துப் போட்டுவிட்டேன்.

சனிக்கிழமை பதில் வந்தது. ஸ்டுடியோ விலாசத்துக்குத்தான் வரும், அப்பாதான் கொண்டுவந்தார். "படத்தில் தோலில் கோளாறு எதுவும் தெரியவில்லை. உணர்ச்சி இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பயப்பட வேண்டியதில்லை." கீழே கையெழுத்து இல்லை. கடிதத்தின் அடி ஓரம் மட்டும் அலை அலையாக வெட்டியிருந்தது. அந்தக் காலத்துப் படங்களுக்கு நாலு ஓரமும் அப்படி வெட்டுவார்கள், அதற்கு ஸ்டுடியோவில் ஒரு கத்தி உண்டு. முத்தம்மாள் அந்த ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "காயிதம்கூட அழகா அனுப்பறாரே டாக்டரு" என்றாள். மறுநாள் மூன்றாவது ஓலை வாசித்தார்கள்.

கல்யாணப் படத்தில் என் கையில் படை இல்லை என்று சொல்லத் தேவையில்லை.

செம்மண்டலத்தில் முதல் இரண்டு வருஷம் நன்றாகவே இருந்தேன். தங்கராசு நல்ல மனுஷர். மாலையில் கிடங்கிலிருந்து வரும்போது முந்திரிப் பொட்டலம் வாங்கிவருவார். அந்தக் கடிதத்தை வேதாகமத்துக்குள் பத்திரமாக வைத்திருந்தார். படை மெல்லப் பெரிதாகிக்கொண்டு வந்தது. முழுக்கை ரவிக்கை தைத்துக்கொண்டேன். டாக்டரே ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டாரே, பிறகு எதற்குப் பயம். இடது சுண்டுவிரலும் மோதிரவிரலும் கொஞ்சம் கொஞ்சமாக மடங்க ஆரம்பித்தன. டம்ளர் நழுவியது. சத்துக் குறைவு என்றாள் மாமியார். பேரீச்சம்பழம் கொடுத்தாள்.

1967இல் ஒருநாள் காலை சோற்றுப் பானையை அடுப்பிலிருந்து இறக்கிக் கொல்லைப்பக்கம் தூக்கிப் போனேன். முத்தம்மாள் அம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மூக்கைச் சுளித்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள். வலது கையில் துணி பிடித்திருந்தேன். இடது கையில் இல்லை.

"சதை கருகுற வாசன வருது. நீ சிரிச்சிக்கிட்டு நிக்கிற" என்றாள்.

நான் ஏதோ அவள் சொன்ன பழைய கதைக்குச் சிரித்துக்கொண்டிருந்தேன். குனிந்து பார்த்தால் உள்ளங்கைத் தோல் பானையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அப்போதும் வலிக்கவில்லை. வலித்திருந்தால் அந்த வீட்டில் இன்னும் இருந்திருப்பேன்.

அன்றைக்கே எனக்குத் தனி அலுமினியத் தட்டு வந்தது. படுக்கை விறகுக் கொட்டகைக்குப் போயிற்று. என் பாயை அவர்கள் கொளுத்தவில்லை, பெரிய மனசு, மடித்துக் கிணற்றடியில் போட்டார்கள். தங்கராசு வேதாகமத்திலிருந்து கடிதத்தை எடுத்துக்கொண்டு கொட்டகை வாசல்வரை வந்தார். அதற்கு மேலே வரவில்லை.

"ஒண்ணுமில்லன்னு போட்டிருக்கே தைலா. டாக்டரு போட்டிருக்காரே" என்றார். அழுதார். அழுதுகொண்டேதான் எட்டாம் நாள் என் பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தார். பஸ் ஸ்டாண்டுக்கு அவர் வரவில்லை. கடிதத்தை மட்டும் என் மடியில் வைத்துவிட்டுப் போனார்.

பஸ் ஸ்டாண்டில் சிதம்பரம் வண்டி நின்றுகொண்டிருந்தது. நான் ஏறவில்லை. பெட்டியை வலது கையில் தூக்கிக்கொண்டு, பட்டப் பகலில், எல்லாரும் பார்க்க, அந்த டாக்டர் வீட்டுப் படியில் ஏறினேன். எண்ணிப் பார்த்தேன், மொத்தம் நாலே படி. அந்த நாலு படிக்காகத்தான் இத்தனையும்.

டாக்டர் கண்ணை மூடச் சொன்னார். இந்த முறை எப்போது தொடுவீர்கள் என்று நான் கேட்கவில்லை. திறந்தபோது கையில் ஐந்து புள்ளி இருந்தது. கடிதத்தை நீட்டினேன். நம்பர் 114. பீரோவிலிருந்து ஒரு உறையை எடுத்துப் படத்தையும் கார்பன் நகலையும் மேசைமேல் வைத்தார். படத்தில் என் முழங்கை மச்சம் இருந்தது. அது என் கைதான். ஆனால் பளிங்கு மாதிரி இருந்தது. டாக்டர் பூதக்கண்ணாடியை வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"பென்சில் வச்சிருக்கான். சின்னச் சின்னதா, எவ்ளோ பொறுமையா வச்சிருக்கான் பாரும்மா" என்றார். "நானும் படத்த நம்பிட்டேன்."

பிறகு நகலை என் பக்கம் திருப்பினார். எங்கள் வீட்டுக்கு வந்த மூன்று வரிக்குக் கீழே இன்னும் ஒரு வரி இருந்தது. "ஆனாலும் படத்தை மட்டும் வைத்து உறுதி சொல்ல முடியாது, ஒரு முறை நேரில் அழைத்து வரவும், இந்த நோய் ஆரம்பத்தில் மாத்திரையிலேயே குணமாகும்." அந்த வரி இருந்த இடத்தில்தான் எங்கள் கடிதம் அலை அலையாக வெட்டுப்பட்டிருந்தது.

"விரல் நிமிருமா?" என்று கேட்டேன்.

"நோய் நிக்கும்மா. விரல் இனிமே நிமிராது. அன்னைக்கே வந்திருந்தா..." என்று ஆரம்பித்தவர் அதோடு நிறுத்திக்கொண்டார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாத்திரை எப்படிப் பிடிக்கிறது என்று பார்க்கப் படம் வேண்டும், நேரில் வருவதோடு படமும் கொண்டுவா என்றார்.

அங்கிருந்து சிதம்பரம் பஸ் ஏறி நேரே ஸ்டுடியோவுக்குப் போனேன். அப்பா டச்சிங் மேசையில் குனிந்திருந்தார். நெகட்டிவின்மேல் என் கையை வைத்தேன். அவர் பென்சிலைக் கீழே வைக்கவில்லை, பிடித்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருசம்மா ஞாபகம் வந்துடுச்சி பாப்பா" என்றார் கடைசியில். "அவ படியில குந்திக்கிட்டு இருந்தது. அந்த எடத்துல உன்னப் பாத்தேன். கை தானா போயிடுச்சி."

"இருசம்மாளுக்கு நீ பென்சில் வைக்கல. அவ மாத்திர சாப்பிட்டா. கீழ வீதி மார்க்கெட்டுல கீர விக்கறா, போயி பாரு. பத்து வெரலும் நேரா இருக்கு."

ஊரில் எவளோ ஒருத்தி. அவளுக்கு என் அப்பா உண்மையைக் கொடுத்தார். பாசம் வைத்த எனக்குப் பென்சிலைக் கொடுத்தார். இதை மன்னிக்கச் சொல்லிக் கோயில் சாமியாரும் சொன்னார், அம்மாவும் சொன்னாள். எனக்கு மனசு வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை.

டாக்டர் கேட்ட படங்களை அவர் கையால்தான் கழுவ வைத்தேன். பாய் படம் பிடிப்பார், அப்பா இருட்டறையிலிருந்து நெகட்டிவை எடுத்து வருவார், உறை ஒட்டும்வரை நான் மேசைப் பக்கத்தில் நிற்பேன். பென்சில் டப்பாவை எடுத்து என் மடியில் வைத்துக்கொள்வேன். முதல் தடவை முடிந்ததும் பழக்க தோஷத்தில் பினாயில் பாட்டிலை எடுத்தவர், நான் நிற்பதைப் பார்த்துத் திரும்ப வைத்தார்.

"கழுவு" என்றேன்.

"வேணாம் பாப்பா."

"எல்லாருக்கும் கழுவுன இல்ல, கழுவு."

முழங்கால் போட்டு நாற்காலியைக் கழுவினார். பாய் அறையை விட்டு வெளியே போய்விட்டார். அப்படி ஐந்து படம் எடுத்தோம், ஐந்து தடவையும் கழுவினார். நான் பொல்லாதவள்தான். என் கையைப் பார்த்துவிட்டு யாராவது என்னை நல்லவளாக இருக்கச் சொல்லட்டும்.

1969 ஆடியில், மத்தியானம், மேசையில் சாய்ந்தபடியே மாரடைப்பில் போய்விட்டார். அடக்கத்துக்கு முன்னால் பாய் காமிராவோடு வந்தார். செத்தவர்களைப் படம் பிடித்து, மூடின கண்ணை டச்சிங்கில் திறந்து வைப்பது அப்பாவின் பேர்போன வேலை. அப்படி எத்தனையோ வீட்டுச் சுவரில் பிணங்கள் முழித்துக்கொண்டிருக்கின்றன.

"தைலா, கண்ண தொறந்துடட்டுமா? அவர் அளவுக்கு எனக்கு வராது, ஏதோ பண்றேன்" என்றார் பாய்.

"வேணாம் பாய். பென்சிலே படக் கூடாது."

"தழும்பெல்லாம் ஜாஸ்தியா தெரியுமேம்மா."

"தெரியட்டும்."

படம் ஒரு வாரத்தில் வந்தது. கண் மூடி, வாய் ஒரு பக்கம் கோணி, நெற்றியிலிருந்து தாடைவரை குழி குழியாக அம்மைத் தழும்பு. வந்தவர்கள் எல்லாம், இப்படியா மாட்டுவார்கள், அவருக்கே இந்தக் கதியா என்றார்கள். அம்மா மட்டும் கிட்டே போய் நின்று பார்த்தாள். "இப்பதான் அவுரு மாதிரி இருக்காரு" என்றாள்.

நான்தான் பூ வைத்தேன். மல்லிகைச் சரத்தைச் சட்டத்தில் குண்டூசியால் குத்த வேண்டியிருந்தது. சரத்தை இடது கையின் மடங்கின விரலில் மாட்டிக்கொண்டு, வலது கையால் ஊசியைத் தள்ளினேன். ஊசி இறுக்கமாகப் போயிற்று. சட்டம் கெட்டி என்று நினைத்து இன்னும் அழுத்தினேன்.

"ஏய் தைலா, ரத்தம்" என்றாள் அம்மா.

மல்லிகை சிவந்திருந்தது. ஊசி என் விரலில் ஏறி நின்றது.